கண்ணாடியை மூடிவிட்டு

பெயிண்டருக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் நிற்காது. வண்டியின் நிறம் நிற்கும். யாராவது சாலையில் வணக்கம் வைத்தால் இரண்டு நொடி முழிப்பார். பிறகு, "அட, அந்தச் சாம்பல் கலர் வண்டிக்காரரா நீங்க? பின்கதவுல மட்டும் வேற ஷேடு அடிச்சு வச்சிருந்தீங்களே?" என்பார். வேறு ஷேடு அடித்த குற்றத்தை அவர் யாருக்கும் மன்னித்ததில்லை. சொந்த மாமனாரோடு மூன்று வருடம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு பழைய ஸ்கூட்டரின் மட்கார்டு.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகளின் முகத்தில், இடது நெற்றியில் தொடங்கி, இமையை மூடி, கன்னத்தின் பாதிவரை ஒரே சிவப்பாகக் கறை இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கியதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "மெரூன். மெட்டாலிக் இல்ல." பக்கத்துக் கடையில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் அவர் மனைவி, அந்த வாக்கியத்தைப் பதினான்கு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தாள். சண்டைக்கு விஷயம் குறையும்போது வெளியே எடுப்பாள்.

குழந்தைக்கு எட்டாவது மாதத்தில் வலிப்பு வந்தது. அப்போதுதான் டாக்டர்கள் அதற்குப் பெயர் சொன்னார்கள்: ஸ்டர்ஜ்-வெபர். இரண்டு டாக்டர்களின் பெயராம். "அவனுங்க பேரை எதுக்கு எம்பிள்ளைக்கு வைக்கிறீங்க?" என்று பெயிண்டர் கேட்டார். கறை தோலோடு நிற்பதில்லை, உள்ளே மூளையிலும் கண்ணிலும் ரத்தக்குழாய்கள் அதே மாதிரி தாறுமாறாக ஓடியிருக்கலாம் என்று விளக்கினார்கள். வலிப்புக்குக் காலையும் மாலையும் மாத்திரை கொடுத்தார்கள். கண்ணை வருடத்துக்கு ஒரு தடவை காட்டச் சொன்னார்கள். காட்டினார்கள். ஐந்து வயதுவரை ஒவ்வொரு தடவையும் "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தார்கள். நார்மல் என்றால் நார்மல்தானே. நன்றாக ஓடுகிற வண்டியை எவன் ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு வருகிறான்? ஆறாவது வயதில் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

ஏனென்றால் ஊர் முழுக்க அவள் முகத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா, "சுடுதண்ணி கொட்டிடுச்சாம்மா?" என்பாள். கடைக்காரர் மிச்சச் சில்லறையைக் கொடுப்பதற்குமுன் ஒரு மருந்தெண்ணெய் பெயர் சொல்வார். பள்ளிக்கூடத்தில் அவளை 'மேப்பு' என்று கூப்பிட்டார்கள். பூகோள டீச்சர் அதைக் கண்டித்தார். கண்டித்துவிட்டுத் திரும்பி நின்று சிரித்தார். இத்தனை பேர் இத்தனை அக்கறையாக ஒரு முகத்தைப் பார்க்கும்போது, அந்த முகத்தில் ஒரு கண்ணும் இருக்கிறது என்பது யாருக்குத் தோன்றும்?

பன்னிரண்டு வயதில் லேசருக்கு அழைத்துப் போனார்கள். பெயிண்டரின் அக்காதான் அந்த கிளினிக்கைக் கண்டுபிடித்தாள். சுவரெல்லாம் சிரிக்கிற படங்கள். டாக்டரும் அந்தப் படங்களைப் போலவே சிரித்தார், யாரோ மாட்டி வைத்த மாதிரி. பெயிண்டருக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது. காரணம், டாக்டர் சொன்ன ஒரு வாக்கியம்: "ஒரே தடவையில போகாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

"அதான் சரி," என்றார் பெயிண்டர், தொழிலாளி தொழிலாளியிடம் பேசுகிற மரியாதையோடு. "கோட்டு கோட்டாத்தான் போகணும். அவசரப்பட்டா ஓடிடும்."

உள்ளே நின்று பார்க்க அனுமதித்தார்கள். ஸ்ப்ரே கன் மாதிரி ஒன்று, அதன் மூக்கிலிருந்து முதலில் குளிர்காற்று, உடனே ஒரு வெளிச்சம், 'டப்'. ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி வலிக்கும் என்று மகள் சொன்னாள். முடி பொசுங்குகிற வாசம் வந்தது. அடித்த இடமெல்லாம் வட்ட வட்டமாகக் கறுத்து, முகத்தில் யாரோ ஆபீஸ் முத்திரையாகக் குத்தித் தள்ளிய மாதிரி ஆகும். பத்துப் பன்னிரண்டு நாளில் கறுப்பு வடியும். வடிந்தபின் பார்த்தால் மெரூன் ஒரு படி இறங்கியிருக்கும்.

பெயிண்டரைக் கவர்ந்தது இன்னொன்று. லேசர் அடிப்பதற்குமுன் இடது கண்ணில் மரத்துப்போகிற சொட்டு விட்டு, இமைக்குள் வழவழப்பான ஸ்டீல் மூடி ஒன்றைப் பொருத்தினார்கள். "நல்லா மாஸ்க் பண்றாங்கடி," என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

பெயிண்ட் தொழிலில் கண்ணாடி என்பது மூட வேண்டிய பொருள். வண்டி வந்ததும் முதல் வேலை, கண்ணாடிகளின் ஓரத்தில் டேப் ஒட்டி, பழைய செய்தித்தாளால் மூடுவது. கடைசி வேலை, அதை உரிப்பது. நடுவில் பட்டி வைப்பதும் தேய்ப்பதும் பிரைமர் அடிப்பதும்தான் வாழ்க்கை. இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரு வண்டியின் கண்ணாடியையும் பார்த்ததில்லை. மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

ஒவ்வொரு லேசருக்கும் மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணி வெயிலில், மகளை ஒர்க்ஷாப் வாசலில் நிறுத்தி ஷேடு கார்டைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடிப்பார். எந்தக் கட்டத்தோடு நிறம் பொருந்துகிறதோ அங்கே பென்சிலால் தேதி போடுவார். ஆறு தடவையில் மெரூன் இறங்கி, செங்கல் தாண்டி, ரோஜாவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. "உங்க டாக்டர்கிட்ட சொல்லு, இமை மேல மட்டும் இன்னும் ரெண்டு ஷேடு பாக்கின்னு," என்பார்.

"நீங்களே சொல்லுங்க. நான் என்ன பானட்டா?" என்பாள் மகள்.

ஏழாவது லேசர் முடிந்து பதினோராவது நாள் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் பெயிண்ட் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் கம்ப்ரசரை அணைத்துவிட்டு, பெயிண்டர் ஒரு வேனின் கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. அதற்குப் போட்டியாக டமாரம் சுத்தியலால் கொட்டிக்கொண்டிருந்தார். டமாரம் என்பது டிங்கருக்கு வைத்த பெயர். முப்பது வருடமாகத் தகரத்தை அடித்து அடித்து அவருக்குக் காது பாதிதான் கேட்கும். மீதிப் பாதியையும் விட்டுவைக்கக் கூடாது என்பதுபோல அடிப்பார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், நனைந்த பையோடு உள்ளே ஓடி வந்தவள், வேனின் திறந்திருந்த கதவில் இடது தோளை நச்சென்று இடித்துக்கொண்டாள்.

"எவன்யா கதவைத் திறந்து போட்டது?" பெயிண்டர் கத்தினார்.

"நான்தான்டா. கதவைத் திறக்காம உள்ள டொக்கு எப்படி எடுக்கிறது? ஜன்னல் வழியா சுத்தியலை விட்டெறிஞ்சா அதுவே போய் அடிச்சிட்டுத் திரும்பி வருமா?"

"பிள்ளைக்கு இடிச்சிடுச்சுல்ல?"

"இடிச்சிடுச்சு. நேத்தும் இடிச்சா. முந்தாநாள் கம்ப்ரசர்ல இடிச்சா. அதையும் நான்தான் திறந்து போட்டேனா?" டமாரம் சுத்தியலைக் கீழே வைத்தார். அவர் சுத்தியலைக் கீழே வைப்பது அபூர்வம். "பெயிண்டரு, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. இவ ஏன் என்னைப் பாக்கணும்னா மொத்தமா திரும்புறா?"

"கழுத்து வலியா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டு மாசமாவா கழுத்து வலிக்கும்? எனக்குக் காதுதான் கேக்காது. காது கேக்காதவன் ஆளுங்க மூஞ்சிய வச்சுத்தான் பொழைக்கிறான். பாப்பா, அப்படியே நில்லு. திரும்பாத." அவர் அவளுடைய இடது பக்கமாகப் போய், கையெட்டும் தூரத்தில் நின்று, கையிலிருந்த டீ டம்ளரைத் தூக்கிக் காட்டினார். "என் கையில என்ன இருக்கு?"

"நீங்க எங்க பெரியப்பா இருக்கீங்க?"

பெயிண்டர் வேனை விட்டு மகளருகே வந்தார்.

"லேசர் போட்டு பதினோரு நாள்தானே ஆச்சு. வீக்கம் இருக்கும்," என்றார் பெயிண்டர்.

"வீக்கம் போயி ஒரு வாரம் ஆச்சுப்பா."

"பின்ன?"

"அந்தக் கண்ணு அப்படித்தான்."

"அப்படித்தான்னா? எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா."

"ரொம்ப நாளாவா? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதானே?"

மகள் பையைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அது அம்மா வழி.

"சொன்னேனேப்பா. ரெண்டாவது லேசர் போட்டுட்டு பஸ்ல வரும்போது சொன்னேன். இடது கண்ணுல புகை மாதிரி இருக்குன்னு. நீங்கதான், 'கண்ணை மூடிட்டுத்தானே அடிச்சாங்க, கண்ணுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது'ன்னீங்க. அப்புறம் மூணாவதுக்கும் சொன்னேன். அதையேதான் சொன்னீங்க. அதுக்கப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

பெயிண்டருக்கு ஞாபகம் வந்தது. மகள் சொன்னது மட்டும் அல்ல, அந்த பஸ் சீட்டின் நிறம்கூட வந்தது. பச்சை. வெளிறின பச்சை.

மாஸ்கிங் டேப்பை எடுத்தார். செய்தித்தாளைச் சின்னதாகக் கிழித்து, மடித்து, மகளின் வலது கண்மேல் வைத்து, நான்கு ஓரமும் ஒட்டினார். கை பழக்கத்தில் ஓரத்தை நகத்தால் நீவியும் விட்டார்.

"உரிக்கும்போது புருவம் வந்துச்சு, சும்மா விடமாட்டேன்," என்றாள் மகள்.

"பேசாம நேரா பாரு."

ஒரு வெள்ளைத் துணியைக் கையில் பிடித்து, அவளுடைய இடது காதுக்கு நேரே நீட்டி, மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். "தெரிஞ்சதும் சொல்லு." காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. கண்ணின் ஓரத்தைத் தாண்டியது. சொல்லவில்லை. துணி அவள் மூக்குக்கு நேரே வந்ததும், "ஆங், இப்ப," என்றாள்.

"அந்தப் பக்கமெல்லாம் கறுப்பாவா இருக்கு?"

"கறுப்பா இருந்தாத்தான் தெரிஞ்சிருக்குமே. ஒண்ணுமே இல்லப்பா. உங்களுக்கு முதுகுக்குப் பின்னாடி என்ன கலர் தெரியுது? அந்த மாதிரி."

பெயிண்டர் வெள்ளைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, டேப்பின் ஓரத்தை நகத்தால் மெதுவாக நெம்பி உரித்தார்.

கழுத்தில் அளவு நாடாவோடு மனைவி வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா, அப்பாகிட்ட சொல்லும்ப. அப்பாகிட்டதான் சொன்னேனே."

மறுநாள் காலை கண் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி; வரிசை படியிறங்கி, வாசல் தாண்டி, சைக்கிள் நிறுத்தம்வரை வந்திருந்தது. உள்ளே, கண்ணில் சொட்டு விடுவதற்கு ஒரு வரிசை, விட்டபின் மூடிக்கொண்டு உட்கார ஒரு பெஞ்சு, அப்புறம் மறுபடி வரிசை. கண் டாக்டர் வயதான அம்மாள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். மகளின் தாடையை இயந்திரத்தில் வைத்து, நீல வெளிச்சம் போட்டு, வலது கண்ணின் அழுத்தத்தை அளந்தார். பதினாறு. இடது கண்ணை அளந்தார். மறுபடி அளந்தார். முப்பத்தெட்டு.

"முகத்துல லேசர் போட்டிருக்கீங்களா?"

"ஆமாங்க டாக்டர்."

"எத்தனை தடவை?"

"ஏழு."

"ஏழு தடவை ஒரு ஆள் இந்தக் கண்ணுக்கு அரை அடி மேல குனிஞ்சு நின்னிருக்கான்." அவர் யாரிடமும் சொல்லவில்லை, இயந்திரத்திடம் சொன்னார்.

"லேசராலதான் கெட்டுச்சா டாக்டர்?" பெயிண்டர் கேட்டார். அப்படி இருக்க வேண்டும் என்று அவர் மனதார விரும்பினார். எதிரி என்று ஒருவன் வெளியே இருப்பது எவ்வளவு சௌகரியம்.

"இல்ல. லேசர் மேல பழி போடாதீங்க. கண்ணுக்குள்ள தண்ணி ஊறிட்டே இருக்கும், வடிஞ்சிட்டே இருக்கணும். இமை மேல இந்தக் கறை இருக்கிற பிள்ளைங்களுக்கு அந்த வடிகால் ஒழுங்கா இருக்காது. தண்ணி தேங்கி, அழுத்தம் ஏறி, உள்ள இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா நசுக்கும்."

"வலிக்காதுங்களா?"

"வலிச்சிருந்தா நீங்க எப்பவோ வந்திருப்பீங்க."

மனைவி பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய சீட்டுகளை எடுத்து நீட்டினாள். டாக்டர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து வயது. எல்லாச் சீட்டிலும் கீழே ஒரே வரி: ஆண்டுதோறும் கட்டாயம் வரவும்.

"அப்புறம் ஏன் வரல?"

"நார்மல்னு எழுதியிருந்தாங்க."

"நார்மல்னா அன்னைக்கு நார்மல்னு அர்த்தம். ஆயுசுக்கும் கேரண்டி எழுதிக் கொடுக்க இது என்ன மிக்ஸியா?" சத்தமாகத்தான் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எழுதப் படிக்கத் தெரியும்ல? 'கட்டாயம்'னு போட்டிருக்கு. நாங்க எழுதறதெல்லாம் கை அரிப்புக்கா?"

பெயிண்டர் தரையைப் பார்த்தார். சிமெண்டு, சாம்பல், ஓரத்தில் பச்சை.

"போனது திரும்பி வருமா டாக்டர்?" மனைவி கேட்டாள்.

"வராது. போன நரம்பு போனதுதான். மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். இப்ப ஒரு குழாய் வழியா பாக்கிற அளவுக்கு இருக்கு. சொட்டு மருந்து மட்டும் போதாது, ஆபரேஷன் பண்ணி புது வடிகால் வைக்கணும். சீக்கிரம்."

மகள் தாடையை இயந்திரத்திலிருந்து எடுத்தாள். "அந்த மிச்சம் எத்தனை வருஷம் வரும் டாக்டர்?"

டாக்டர் அவளை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். "மருந்தை ஒரு வேளை விடாம போட்டு, நான் சொல்ற தேதியில வந்தேன்னா, நீயும் என் வயசுக்கு வந்து, இதே நாற்காலியில உக்காந்து, இதே மாதிரி யாரோட அப்பாவையாவது திட்டலாம்."

"அதுக்கு நான் நிறைய படிக்கணுமே."

"திட்டுறதுக்குப் படிப்பு வேண்டாம். கண்ணுக்குத்தான் வேணும்."

அன்று சாயங்காலம் பெயிண்டரின் அக்கா வந்தாள். முழுக்கதையையும் கேட்டாள். உச்சுக் கொட்டினாள். டீ குடித்தாள். ரொட்டியைத் தோய்த்துத் தின்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காத," என்றாள். அவள் அப்படி ஆரம்பித்ததை இதுவரை யாரும் சரியாக எடுத்துக்கொள்ள முடிந்ததில்லை. "இன்னும் ஒரே ஒரு லேசர்தானே பாக்கி? அதையும் போட்டு முடிச்சிட்டு ஆபரேஷனுக்குப் போலாமே. இப்ப கண்ணைக் குடைஞ்சு வச்சாங்கன்னா லேசர் தள்ளிப் போயிடும். முகம் மறுபடி சிவந்துக்கும்."

"அக்கா, அவளுக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

"தெரியுதுடா. ஆனா கண்ணு உள்ள இருக்கு, பார்வை போனது வெளிய யாருக்குத் தெரியப்போகுது? பாக்குறவங்களுக்கு முகம்தானே? நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வந்தா..."

"வந்தா நான் பாக்கணும்ல அத்தை, அவனை?" உள்ளறையிலிருந்து மகள் கேட்டாள். "அவன் இடது பக்கமா வந்து உக்காந்தான்னா அவன் வந்ததே எனக்குத் தெரியாது. அவன் பாட்டுக்கு டீ குடிச்சிட்டுப் போயிடுவான்."

"பாத்தியா, வாயப் பாரு. நல்லதுக்குச் சொன்னா..."

பெயிண்டர் எழுந்தார். இருபத்தாறு வருடம் தின்னர் நாற்றத்தில் நின்றவர், பதினான்கு வருடம் ஊர் நாற்றத்தில் நின்றவர், அக்காவை வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி காலி டம்ளரை அக்காவின் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

"அண்ணி, மழை விட்டிருக்கு. கிளம்புங்க."

"இப்பதானே வந்தேன்?"

"மறுபடி பிடிச்சிக்கும். கிளம்புங்க."

அக்கா போனபிறகு பெயிண்டருக்குத் திறந்த வாயை எங்கே கொண்டுபோய் மூடுவது என்று தெரியவில்லை. அக்காவைத் திட்டலாம். நியாயம்தான். ஆனால் அக்கா சொன்னதும், பஸ்ஸில் பச்சை சீட்டில் உட்கார்ந்து அவர் சொன்னதும் ஒரே குடும்பத்து வார்த்தை மாதிரி இருந்தன.

ஆபரேஷன் நடந்தது. இடது கண்ணில் கண்ணுக்குத் தெரியாத சின்னக் குழாய் ஒன்றை வைத்தார்கள். மூன்றாவது வாரம் அளந்தபோது பதினான்கு என்று காட்டியது. அந்த அளவை எழுதிவிட்டுக் கண் டாக்டர், லேசரின்போது என்னென்ன மருந்து கொடுத்தார்கள், மரத்துப்போக என்ன போட்டார்கள் என்ற விவரமெல்லாம் வேண்டும், கிளினிக்கில் கேட்டு வாங்கி வாருங்கள் என்றார். மகளும் கூடவே வருவேன் என்றாள். கண்மேல் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் மூடியோடு வந்தாள்.

கிளினிக்கில் டாக்டர் சிரித்தார். படத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

"கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா பாருங்க, நாங்க தோல் பாக்குறவங்க. கண்ணு எங்க டிபார்ட்மென்ட் இல்ல. எங்க வேலை எப்படி வந்திருக்குன்னு நீங்களே பாக்குறீங்களே, கன்னமெல்லாம் எவ்வளவு கிளியரா இருக்கு!"

கவுண்டர் பெண் ஃபைலைக் கொண்டுவந்து வைத்தாள். ஏழு லேசருக்கு ஏழு படிவம். பெயிண்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்தாவது வரி: கண் பரிசோதனை செய்யப்பட்டதா? ஆம் என்ற கட்டத்தில் டிக். ஏழு படிவத்திலும் டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு.

"இந்த டிக்கெல்லாம் யார் போட்டது?"

"நாங்களே போட்டு வச்சிடுவோம் சார்," என்றாள் அந்தப் பெண், உதவி செய்த முகத்தோடு. "உங்களுக்கு டைம் மிச்சமாகும்ல. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

கையெழுத்து இருந்தது. ஏழு படிவத்தின் அடியிலும் இருந்தது. பெயிண்டரின் கையெழுத்து அழகானது. நம்பர் பிளேட் எழுதிப் பழகிய கை.

"நான் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன்," என்றார் அவர். "மட்கார்டுல கீறல்னு ஒருத்தன் வருவான். டயர் தேஞ்சு நூல் தெரியும். டயர் என் டிபார்ட்மென்ட் இல்ல. ஆனா, அய்யா, முதல்ல டயரை மாத்து, இல்லன்னா வழியில செத்துருவன்னு சொல்லித்தான் அனுப்புவேன். நீங்க ஏழு தடவை எம்பொண்ணு கண்ணுக்குள்ள உங்க கையாலயே மூடி போட்டீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'கண்ணைக் காட்டினீங்களா'ன்னு வாயைத் திறந்து கேட்டிருந்தா உங்க சிரிப்பு கொட்டிப் போயிருக்குமா?"

"நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படுறீங்க."

"ஆமா. அதுவாவது என் டிபார்ட்மென்ட்தானே?"

டாக்டர் கவுண்டர் பெண்ணைப் பார்த்தார். அவள் ஃபைலின் நகலை உறையில் போட்டு நீட்டினாள். மரியாதையாகத்தான் நீட்டினாள். கதவையும் மரியாதையாகத்தான் திறந்து பிடித்தாள். இன்னும் நான்கு வார்த்தை பெயிண்டரின் நாக்கில் இருந்தது, நல்ல கெட்ட வார்த்தை. ஏழு கையெழுத்தும் அவற்றை வெளியே விடவில்லை.

வெளியே காத்திருக்கும் கூடத்தில் ஏழெட்டுப் பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண்ணின் மடியில் ஆறேழு மாதக் குழந்தை, கால் கட்டைவிரலை வாயில் திணிக்கப் போராடிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியிலும் வலது இமையிலும் அடர்ந்த சிவப்பு.

பெயிண்டர் ஷேடு பார்க்கவில்லை. நேரே அவர்கள்முன் போய் நின்று, "கண்ணக் காட்டினீங்களா?" என்றார்.

அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டாள். "யாருங்க நீங்க?"

"யாரா இருந்தா என்ன? கண்ணக் காட்டினீங்களான்னு கேக்குறேன்! வாயில என்ன?"

"ஏங்க, மரியாதையா பேசுங்க," கணவன் எழுந்துவிட்டான். "நாங்க முகத்துக்கு வந்திருக்கோம். ரெண்டு மாசம் அலைஞ்சு இன்னைக்குத்தான் டோக்கன் கெடச்சிருக்கு. உங்களுக்கு என்ன வேணும்?"

"டோக்கன்! அந்த டோக்கனை எடுத்துட்டுப் போய்..."

"அப்பா, கத்தாதீங்க. நீங்க கத்தினா பைத்தியம்னு நெனப்பாங்க." மகள் அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். மழைக் கோடு விழுந்த கண்ணாடிக் கதவின் வெளிச்சத்தில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது: ரோஜா நிறத்துக்கு இறங்கிய கன்னம், அதன்மேல் பிளாஸ்டிக் மூடி. "அக்கா, உங்க பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வருதா?"

அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். "போன வாரம் ஒரு தடவை கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. காய்ச்சல்னு சொன்னாங்க. நீ... உனக்கும் இதேதானா?"

"இதேதான்." மகள் மூடியைக் கழற்றினாள். கண் சிவந்து, ஓரத்தில் தையலோடு இருந்தது. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். "கொஞ்சம் எந்திரிச்சு எனக்கு இடது பக்கமா வந்து நில்லுங்க. பாப்பாவைத் தூக்கிட்டு."

அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, எழுந்து வந்து நின்றாள்.

"இப்ப நீங்க இல்ல," என்றாள் மகள், நேராகச் சுவரைப் பார்த்தபடி. "பாப்பாவும் இல்ல. நீங்க நிக்கிற இடமே இல்ல. அஞ்சு வயசுல காட்டினப்ப எனக்கு இந்தக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. வலிக்கவே இல்ல, அதான் யாருக்கும் தெரியல. இவங்க உள்ள கேக்கமாட்டாங்க. கேட்ட மாதிரி டிக் போட்டு வச்சிருப்பாங்க. முகம் எங்கேயும் ஓடிப்போயிடாதுக்கா, இதோ பாருங்க, பன்னெண்டு வயசுல ஆரம்பிச்சே இவ்வளவு குறைஞ்சிருக்கு. கண்ணுக்கு மட்டும் முதல்ல போங்க."

குழந்தை கடைசியில் கட்டைவிரலை வாயில் போட்டுவிட்டது.

கணவன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு மாத அலைச்சலை ஒரு அட்டையில் பார்ப்பது எப்படியிருக்கும் என்று பெயிண்டருக்குத் தெரியும். அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"என்னத்தப்பா பாக்குற? அதுல உம்பிள்ளை கண்ணா எழுதியிருக்கு?"

"எந்த பஸ்ஸுங்க?" அந்தப் பெண்தான் கேட்டாள்.

"எது?"

"கண் ஆஸ்பத்திரிக்கு. எந்த பஸ் போகும்?"

"எதிர்ப்பக்கம் நில்லுங்க. முதல்ல வர்றதுல ஏறுங்க, எல்லாம் போகும்," என்றார் பெயிண்டர், இன்னும் சண்டை போடுகிற குரலிலேயே. "உள்ள போனதும் மூணாம் நம்பர் ரூம். ஒரு வயசான அம்மா திட்டும். திட்டட்டும், நின்னு கேளுங்க. போங்க, பன்னெண்டு மணிக்கு மேல சீட்டு தரமாட்டான். போங்கன்னா!"

அவர்கள் படியிறங்கினார்கள். குழந்தையின் தலைக்குமேல் ஃபைலைக் குடையாகப் பிடித்துக்கொண்டு கணவன் சாலையின் நடுவில் கையைக் காட்டி ஒரு லாரியை நிறுத்திவிட்டு, மனைவியோடு எதிர்ப்பக்கம் கடந்தான்.

உள்ளேயிருந்து கவுண்டர் பெண் கூப்பிட்டாள். "பதினாலு." யாரும் எழுந்திருக்கவில்லை. "பதினாலாம் நம்பர், வாங்க. முகத்துக்கு வந்த குழந்தை, பதினாலு யாருங்க?"